அவளுடைய அப்பா

மாமனாருக்குச் சட்டை போட்டுவிட்டு மேல் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது கணவன் வந்து அறை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"எம்.டி. வர்றாராம். கிளம்பிட்டாராம்."

அவள் கை பொத்தானிலேயே நின்றது. காலையில் ஆபீஸ் டிரைவர் கார் கொண்டுவந்தபோது வாசலில் கூட்டத்தைப் பார்த்து, இறந்தது யாரென்று கேட்டிருந்தார். "எங்க அப்பா" என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

தன் தங்கையிடம் மனைவியே பேசிவிடட்டும் என்றான் அவன். தான் சொன்னால் தங்கை கேட்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு விருந்தில் தொடங்கியது. கப்பலில் சரக்கு அனுப்பும் அந்த நிறுவனத்தில் அவன் வருடக்கணக்கில் மாடாய் உழைத்திருந்தான். விடிவதற்குள் ஒரு நாட்டோடும் வீடே தூங்கிய பிறகு இன்னொரு நாட்டோடும் பேசினான். மகள் பிறந்த செய்தியைக்கூட ஒரு விமான நிலையத்தில்தான் கேட்டான். உழைப்புக்கு முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். மேலே ஒரு நாற்காலி காலியானபோது அதற்குப் பலத்த போட்டி. அந்தச் சமயத்து விருந்தில்தான் எம்.டி., தன் அப்பா இறந்த அன்று கூட்டத்தை முடித்துக்கொடுத்துவிட்டே கிளம்பியதாகச் சொல்லிக் கண் கலங்கினார். உடனே இவன் தனக்கும் அப்படித்தான் என்றான். ஒப்பந்தப் பேச்சுக்கு நடுவில் அப்பா போய்விட்டதாகச் செய்தி வந்ததாம். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, எதிராளி கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்தானாம். பக்கத்தில் இருந்த அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நேரத்தில் மாமனார் வீட்டில் பேத்தியின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். எம்.டி. அவளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும். பொய் அவனுடையது என்றாலும் சாட்சி அவளுடையது. நாற்காலி கிடைத்தது. சம்பளத்தை வெளியே சொன்னால் பொறாமைக்கு முன்னால் சந்தேகம் வரும், அத்தனை பெரிய தொகை. இந்த வீடு அதில் வாங்கியதுதான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களைக் கூட்டி உட்காரவைத்து எம்.டி. அந்தக் கதையைச் சொல்வாராம். இவன் மாதிரி வரவேண்டும் என்றால் இவன் மாதிரி இருக்க வேண்டும் என்பாராம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர், பேசினால் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சமையலறையிலிருந்து ஓடிவந்து, எங்க அப்பா என்றாள். அவளுடைய அப்பா அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்தவர். மாமனார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு, பொண்ணு வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லி எம்.டி.க்குக் கை கொடுத்தார்.

விருந்தாளி போனதும் கணவன் தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னான். மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சம்பளம் இதுலதான் நிக்குதா?"

"ஆமாப்பா."

"அப்ப சரி. நான் என்னத்துல செத்தேன்னு மட்டும் சொல்லி வை. யாராவது கேட்டா மாத்திச் சொல்லித் தொலைச்சிடப் போறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதன்பின் நாலைந்து தடவை அவளுடைய அப்பாவாக இருந்தார். ஒரு குறையும் வைக்கவில்லை, குரலைக்கூடத் தணித்துக்கொண்டார். யாரும் வராத நாட்களிலும் அது பழையபடி ஏறவில்லை. வயசாகிவிட்டது என்று இவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பொத்தானை மாட்டி முடித்து, அவரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெட்டியில் கிடத்தினார்கள். நாத்தனார் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடைசி வாரம் முழுக்க அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்டவள். அவள் காதோரம் குனிந்து இவள் விஷயத்தைச் சொன்னாள்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அழலாமா, அண்ணி?"

இவள் மாலையை நகர்த்திச் சரிசெய்தாள்.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அவர் வர்றப்போ நான் இங்க யாரு?"

நாத்தனார் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். அப்படியே சுவருக்குள் புதைந்துபோனால் என்ன என்று இவளுக்குத்தான் இருந்தது. அதற்குள் கணவன், வாசலில் இருந்த டிப்போ நண்பர்களை டீ குடிக்கலாம் என்று பக்கத்து வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டிருந்தான். மகளிடம் மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு எப்படிப் பார்த்தாலும் தாத்தாதான்.

எம்.டி. வந்தார். நல்ல மனிதர், அதுதான் இன்னும் கஷ்டம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா இல்லாமல் போவது என்னவென்று தனக்குத் தெரியும் என்றார். பெட்டியருகே தலைகுனிந்து வெகுநேரம் நின்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. கணவன் அவருக்கு ஒரு அடி பின்னால், ஆபீசில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பெட்டியை மூடினார்கள். வண்டியோடு வந்த ஆள் எல்லா வீட்டிலும் கேட்பதைத்தான் இங்கேயும் கேட்டார்.

"மகன் யாருங்க? தலைமாட்டுல வந்து பிடிங்க."

உறவுக்காரர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் எம்.டி.யின் பளபளக்கும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு அடி எடுத்து வை, வீடும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். அந்த நிமிடம் அது சத்தியம். வாய்விட்டு அவளே சொல்லியிருக்கலாம்.

எம்.டி. அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அப்பாவுக்கு மகன் இல்லையாம்மா?"

"இல்ல சார்," என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டார். திரும்பி, கணவனின் தோளில் கை வைத்தார்.

"மருமகனும் மகன் மாதிரிதான். நீங்க போய்ப் பிடிங்க. ஒண்ணும் தப்பில்ல."

"சரி சார்," என்றான் அவன்.

போய்த் தலைமாட்டில் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். சுவரோரம் இருந்த நாத்தனார் யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நாலு பேர் சேர்ந்துகொள்ள, பெட்டி எழுந்தது.

அந்தப் பெண் யார் என்று எம்.டி. கேட்டார். காதில் விழாததுபோல அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தபடி பெட்டி படி இறங்கியது.