பிரேக்கில் கட்டிய சிவப்புத் துணி

ஃப்யூஸ் வாங்கிக்கொண்டு தம்பிக்காரன் திரும்பி வந்தபோது, வாசலில் அக்காவின் பைக்கைக் காணோம்.

"மாமா, வண்டி எங்க?"

"உங்கக்கா ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிட்டா," என்றார் அக்கா வீட்டுக்காரர். "மூடுபனி இறங்குதுன்னு அவசரமா போனா. புது லைட்டைப் பார்த்து ஒரே சந்தோஷம், மாப்ளே!"

"பிரேக்ல சிவப்புத் துணி கட்டியிருந்தேனே?"

"அதை அவுத்துத்தான் லைட்டைத் துடைச்சா."

போன வாரம் பழைய விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாமல் இறங்கி, அக்கா மயிரிழையில் தப்பினாள். அதனால்தான் பெரிய பல்பு, ரிலே, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் என்று பார்த்துப் பார்த்துப் போட்டான். எல்லாம் முடிந்து ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்ததும் ஃப்யூஸ் போய்விட்டது. வயர் எங்கேயோ இரும்பில் உரசுகிறது. மற்றதையாவது சோதித்துப் பார்ப்போம் என்று ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தான். ஐந்து நிமிஷத்துக்குத்தானே என்று மெக்கானிக்குகள் செய்கிற அசட்டுத்தனம் அது. ஃப்யூஸ் என்றால், தானே உருகி வயரைக் காப்பாற்றும். இந்தக் கம்பி லேசில் உருகாது, வயர்தான் எரியும். அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

வேலை முடியாத வண்டியின் பிரேக்கில் சிவப்புத் துணி கட்டுவது அவன் பட்டறை வழக்கம். அதைப் பார்த்தால் முதலாளிகூடச் சாவியைத் தொடமாட்டார்.

தன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். நேர்ச்சாலையில் பயமில்லை. மலையேற்றத்தில் முதல் கொண்டை ஊசி வளைவே இடப்பக்கம். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று திட்டித் திட்டிப் பழக்கியவனே அவன்தான்.

பனி முகத்தில் அறைந்தது. ஊருக்கெல்லாம் விளக்கு மாட்டுகிறவனின் சொந்த விளக்கு அழுது வடிந்தது. முன்னால் போகிற லாரியின் பின்பக்கம்கூடச் சரியாகத் தெரியவில்லை. வளைவு நெருங்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

"அக்கா!"

"கத்தாதே, இங்கதான் இருக்கேன்."

பைக் ஓரமாக இருட்டில் நின்றது. தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை வலது உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"திரும்பும்போது புகை வந்துச்சு. சாவியை அணைச்சும் நிக்கல. சைடு மூடியைக் கழட்டினா ஒரு கம்பி தகதகன்னு சிவந்து கிடந்துச்சு. பிடுங்கிட்டேன்."

உள்ளங்கையின் குறுக்கே கம்பியின் தடம் கோடாய்ப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை முட்டியது, வந்ததென்னவோ கோபம்.

"அந்தத் துணியை எதுக்குக்கா அவுத்தே?"

"கட்டியிருந்தா என்ன அர்த்தம்?"

"வண்டியை எடுக்காதேன்னு. பட்டறையில எல்லாருக்கும் தெரியும்."

"நான் உன் பட்டறையிலயாடா இருக்கேன்?"

அவன் கடைக்குக் கிளம்பும்போது அவள் உள்ளே புடவைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இந்தக் கையோட இன்னிக்கு யாருக்குடா ஊசி போடுவேன்?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அவன் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "மெதுவா போ. உன் லைட்ல ஒண்ணுமே தெரியல."

வெந்த கையை அவள் அவன் தோளில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு, அவன் ஊர்ந்து போனான்.