வேட்டியைப் பிடித்த பாகல் கொடி

"பக்கிரி, இந்த வாரம் நீங்கதான் எழுதணும்" என்று ஷைலஜா அம்மா சொன்னபோது நான் பாகல் பந்தலுக்கு அடியில் குனிந்து மண் அணைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் அம்மா தைலம் எடுக்க உள்ளே ஓடுவார். அதற்குப் பயந்தே பாதி நாள் நான் குனிந்தபடி பேசுவது.

"என்னத்தம்மா எழுதறது? எருவைப் பத்திப் போன வாரமே எழுதியாச்சே."

"எரு இல்ல. நம்ம வலைப்பூவுக்குப் புதுசா ஒருத்தர் வரார். கார்ட்டூன் போடறவர். இனிமே வாரா வாரம் நம்ம கொல்லையை வெச்சு ஒரு படம். அவரை வரவேற்று நாலு வரி எழுதுங்க. நான் எழுதினா யார் படிக்கறா? எல்லாரும் 'பக்கிரி எங்கே'ன்னுதான் கேக்கறா."

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் இருக்கிறது அம்மாவின் பூர்வீக வீடு. சென்னையில் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்று, ஐயாவும் தவறிய பிறகு, தனியாக இங்கே வந்துவிட்டார். கொல்லை என் பொறுப்பு. அதைப் பற்றி 'எங்க கொல்லை' என்று இன்டர்நெட்டில் அம்மா எழுதுவார். பெரியவர்களுக்கென்று பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த வகுப்பில் நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதும் என்னையும் அதில் இழுத்துவிட்டார். நான் தாளில் எழுதிக் கொடுப்பேன். அம்மா கம்ப்யூட்டரில் ஏற்றுவார். முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் படித்துவிட்டு, பக்கிரி அண்ணன் வாழ்க என்பார்கள்.

அன்றைக்குக் காலையில்தான் கீழ்வேளூரிலிருந்து என் மச்சான் தமிழரசன் போன் செய்திருந்தான்.

"மாமா, அரை வேலி நெலம் குத்தகைக்கு வருது. வாய்க்கால் பாசனம், மேட்டு நிலம் இல்ல. சம்பாவுக்கு நாத்து விடணும். தனியா என்னால ஆவாது. நீங்க வர்றீங்கன்னா எடுத்துடறேன். ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க."

என் வீட்டுக்காரி தங்கமணி அங்கேதான் இருக்கிறாள். அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனவள், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் இங்கே பம்ப் ஷெட்டை ஒட்டின அறையில் தனியாகப் பொங்கித் தின்கிறேன். வேலை இல்லாமல் மச்சான் வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்ன என்னால் முடியாது. நிலம் என்று ஒன்று இருந்தால் தலை நிமிர்ந்து போகலாம். இதைவிட்டால் இந்த வயதில் எனக்கு எவன் குத்தகை கொடுக்கப் போகிறான்?

போக வேண்டியதுதானே என்பீர்கள். அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அமெரிக்காவிலிருந்து அம்மாவின் மகன் ரகுராமன் போனில் முகம் காட்டிப் பேசுவார். ஒரே பேச்சுதான். வீட்டை வித்துட்டு இங்கே வந்துடு. அம்மா உடனே போனை என் பக்கம் திருப்புவார். "பக்கிரி இருக்கார், எனக்கென்ன?" நான் கையில் மண்வெட்டியோடு சிரிப்பேன். வாரா வாரம் சிரித்துச் சிரித்து அந்தச் சிரிப்பே எனக்கு ஒரு பூட்டு மாதிரி ஆகிவிட்டது. எத்தனையோ தடவை 'அம்மா, ஒரு விஷயம்' என்று ஆரம்பித்திருக்கிறேன். "முதல்ல காபி குடிங்க" என்பார். காபி குடித்த வாயால் அப்புறம் எப்படிச் சொல்வது?

வாயால் வராததை எழுத்தில் வைத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அறையில் உட்கார்ந்து எழுதினேன்.

'எங்க கொல்லைக்கு ஒரு ஓவியர் வருகிறார். பெயர் சேக் தாவூது. கும்பகோணம். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பூக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கவைக்க இவர் வருகிறார். வாங்க பாய். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க, சேறாக இருக்கும். புது ஆள் வரும் நேரத்தில் பழைய ஆள் போகிறேன். ஆடிப்பெருக்கு முடிந்ததும் நான் கீழ்வேளூர் போகிறேன். பயிர் வைக்க வேண்டும். அம்மா கோபிக்கக் கூடாது.'

தாளை அம்மாவிடம் நீட்டிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் சிரித்தார்.

"பயங்கரமான ஆள் நீங்க! புது ஆள் வரார், பழைய ஆள் போறேன்! இதையே முதல் படமா போடச் சொல்றேன் பாருங்க."

"இல்லம்மா, அது வந்து…"

"காபி வெச்சிருக்கேன், ஆறிடப் போறது."

மறுநாள் தாவூது பாய் மொபெட்டில் வந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் நாலு பேனா. "பத்திரிகைக்குப் போட்டுட்டிருந்தேன் அண்ணே. பத்திரிகையை மூடிட்டாங்க, நான்தான் மூடல" என்றார். இப்போது பிளெக்ஸ் கடையில் கல்யாண போர்டு, காதுகுத்து போர்டு.

அம்மா வரவேற்புக்குத் துண்டு வாங்கி வைத்திருந்தார். என்னைப் போர்த்தச் சொன்னார். நான் போர்த்தினேன். ஒரு நந்தியாவட்டைக் கன்றையும் கொடுத்தேன். அம்மா அதைப் போட்டோ எடுத்தார். பாய் கொல்லையைச் சுற்றி வந்து, பாகல் பந்தலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பார்த்துக் கிறுக்கினார்.

படம் இப்படி. நான் தலையில் மூட்டையோடு கேட்டைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியிருக்கிறேன். பின்னால் பாகல் கொடி பந்தலிலிருந்து இறங்கி வந்து என் வேட்டி நுனியை இழுத்துப் பிடித்திருக்கிறது. பிஞ்சுக்கு எல்லாம் கண்ணும் வாயும் வைத்து, அதுகள் ஓவென்று அழுகின்றன. என் மீசையும் மூக்கும் எலும்பு துருத்தின முட்டியும் அச்சு அசல் நான்தான். கீழே, 'போயிட்டு வரேன்னு சொல்லி வருஷமாச்சு!'

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, படம் அவ்வளவு நன்றாக இருந்தது.

நான் எழுதினதும் அந்தப் படமும் சேர்ந்து வெளிவந்தன. கமெண்ட்டுகளை அம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். 'பக்கிரி அண்ணனை விடாதே கொடியே!' 'ஒரு கொடி போதாது, புடலையும் சேர்த்துக் கட்டுங்கள்.' தாராசுரத்திலிருந்து மதிவதனி என்ற டீச்சர், அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, மொட்டை மாடித் தோட்டத்தில் திருஷ்டிக்குக் கட்டிவிட்டு அதைப் போட்டோவும் எடுத்து அனுப்பியிருந்தார். பக்கத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. நடுவில் நான், தூக்கின காலோடு.

சாயங்காலம் தங்கமணி போன் செய்தாள்.

"படம் இங்க வரைக்கும் வந்துடுச்சு. டீக்கடையில ஒருத்தன் போன்ல வெச்சுக் காட்றான், உங்க வீட்டு ஆளாமேன்னு."

"ம்."

"ம் என்ன ம்? நீங்க வர்றீங்களா, இல்ல ஒத்தக் காலைத் தூக்கிக்கிட்டு அங்கயே நிக்கப் போறீங்களா?"

"சொல்லியாச்சு தங்கம். எழுதியே குடுத்துட்டேன்."

"எழுதிக் குடுத்தாராம்! வாய்க்கு என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கு?"

அடுத்த படத்துக்காகப் பாய் மறுபடி வந்தபோது, அம்மா பூஜையில் இருந்தார். நான் குழாயைப் பிடித்தபடியே சொன்னேன். "பாய், நான் எழுதினது தமாசு இல்ல."

"எது அண்ணே?"

"போறேன்னது. நெசமா போவணும். ஆடிப் பதினெட்டுக்குள்ள மச்சானுக்குப் பதில் சொல்லணும். நெலம் கைவிட்டுப் போயிடும்."

பாய் பேனாவை மூடினார். "அல்லா! 'பக்கிரி வேடிக்கையா எழுதியிருக்கார்'னு சொல்லித்தானே அம்மா எனக்கு அனுப்பினாங்க. நான் ஒரு மடையன், கொடியை வேற இழுத்து முடிச்சுப் போட்டுட்டேன்."

"உங்க மேல என்ன தப்பு."

"தப்பு இருக்கோ இல்லையோ, முடிச்சு நான் போட்டது. நானே அவிழ்க்கறேன். என்னால படம்தான் போட முடியும். பேசுறது நீங்கதான் பேசணும், தெரியுதா?"

ஆடிப்பெருக்கு அன்று காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டார். தெருவில் பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் பாயின் புதுப் படம். கேட் திறந்து கிடக்கிறது. பாகல் கொடி வேட்டியை விட்டுவிட்டு டாட்டா காட்டுகிறது. நான் கீழ்வேளூர் பஸ்ஸின் படியில் நிற்கிறேன். இந்தத் தடவை ரெண்டு காலும் படியில்.

"இதைப் போடவா?" என்றார் அம்மா.

நான் வேட்டி நுனியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"தாவூது படத்துலயே எல்லாம் சொல்லிட்டார். அவர் சொல்லணும்னே இல்ல பக்கிரி. அன்னிக்குப் படிச்சப்பவே எனக்குப் புரிஞ்சுது. புரியாத மாதிரி சிரிச்சுட்டா நீங்க போக மாட்டீங்கன்னு நினைச்சேன்." விசைப்பலகையைத் துடைத்தபடியே பேசினார். அதில் தூசி எதுவும் இல்லை. "ரகு டிசம்பர்ல வரான். இந்தத் தடவை வாங்கற ஆளைக் கூட்டிண்டு வந்து வீட்டைக் காட்டப் போறானாம். உங்களை வெச்சுத்தான் நான் அவனைத் தடுத்துண்டிருக்கேன். அங்கே போனா பத்தாவது மாடி. ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது."

என்னைப் பூட்டின அதே பூட்டுதான் அம்மாவையும் இந்த வீட்டில் வைத்திருந்தது. வழக்கம்போல, சரிம்மா, நான் எங்கே போகப் போறேன் என்று சொல்லவே வாய் திறந்தது. படத்தைப் பார்த்தேன். அந்த ஆள் பஸ்ஸில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

"போடுங்கம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் அமுக்கினார். படம் போய்விட்டது.

கொல்லைக்கு ஓடி வந்து தமிழரசனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, வந்துடறேன். சொல்லிட்டேன். குத்தகையை முடிச்சுடு."

அந்தப் பக்கம் ஆற்றங்கரைக் கூச்சல் கேட்டது.

"மாமா… நேத்தே பேசி முடிச்சாச்சு. நம்ம தெரு தியாகேசன் கூட்டுக்கு வந்துட்டான்."

"பதினெட்டுக்குள்ளன்னியேடா! இன்னிக்குத்தானே பதினெட்டு!"

"சொன்னேன்தான். நெலத்துக்காரர் கையிலயும் அந்தப் படம் வந்துடுச்சு மாமா. 'உன் மாமனைத்தான் பாகக்கா புடிச்சு வெச்சிருக்கே, அவரை நம்பி உனக்கு எப்படிடா குடுக்கறது'ன்னு கேட்டுச் சிரிக்கிறார். வேற ஆளைச் சொல்லு, இல்லைன்னா வேற எடத்துல குடுத்துடுவேன்னுட்டார். நீங்களும் ஒரு போன் போடல. அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்துச்சு, அப்படியே எந்திரிச்சு உள்ள போயிடுச்சு."

நான் திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. வெட்ட வேண்டிய இடம் ஒன்றும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா சந்தோஷப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். வருத்தப்பட்டார் என்றும் சொல்ல முடியாது. மத்தியானம் சித்திரான்னத்தோடு வடையும் சுட்டு, ஒரு தட்டு என் அறை வாசலில் வைத்தார். பாய் பதறிப்போய் வந்தார். "படத்தை எடுத்துடச் சொல்லவா அண்ணே? பக்கிரி திரும்பி வந்துட்டார்னு ஒண்ணு போட்டுடவா?"

"வேணாம் பாய். அவனாவது போவட்டும்."

அந்தப் படத்துப் பக்கிரி போய்விட்டான். கீழ்வேளூரில் இறங்கினான், நாற்று விட்டான், வரப்பு வெட்டினான். தங்கமணி அவனுக்குக் கூழ் கொண்டுவருகிறாள். வாரா வாரம் பாய் அவனைப் போடுகிறார். இங்கே இருந்ததைவிட அவனுக்கு அங்கே மவுசு அதிகம். 'பிழைத்துக்கொண்டார் பக்கிரி அண்ணன்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். போனவன் எப்படி எழுதுவான்?

போன வாரம் அந்தத் தாராசுரம் டீச்சர் மதிவதனி நாலு பேரோடு கொல்லையைப் பார்க்க வந்தார். கேட் சத்தம் கேட்டதும் நான் பம்ப் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். உள்ளே மோட்டார் சூடும் எண்ணெய் நாற்றமுமாக இருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பாகல் பந்தல் தெரிந்தது.

"பக்கிரி அண்ணன் இருந்தப்ப இன்னும் பச்சைப் பசேல்னு இருந்திருக்கும் இல்ல?" என்றார் டீச்சர்.

அன்றைக்குக் காலையில்தான் நான் அத்தனைக்கும் தண்ணீர் விட்டிருந்தேன்.

"ஆமாம்" என்றார் அம்மா. ஷெட் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "போயிட்டார். நல்ல மனுஷன்."

"கொடுத்து வெச்சவர் மேடம். நமக்கெல்லாம் அந்தத் தைரியம் வருமா?"

அவர்கள் பந்தலுக்குக் கீழே நின்று ஒவ்வொருவராகக் கொடியைத் தங்கள் புடவை நுனியில் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முடிகிற வரைக்கும் எனக்குத் தும்மல் வராமல் இருக்க வேண்டுமே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு பாய் போன் செய்தார். ஒவ்வொரு வாரமும் இதே நேரத்துக்குச் செய்வார்.

"அண்ணே, இந்த வாரம் வயல்ல என்ன வேலை? என்ன போடட்டும்?"

"இருங்க பாய், கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டுத் தங்கமணிக்குப் போட்டேன்.

"தங்கம், அங்க நடவு ஆயிடுச்சா? தண்ணி ஏறுதா?"

"ஆயிடுச்சு. கணுக்கால் அளவு நிக்குது. தியாகேசன்தான் மடையைத் தொறந்துவுட்டுட்டு நிக்கிறான்." அதோடு விடாமல் கேட்டாள். "ஏன், வந்து பாக்க முடியாதோ?"

"பாய்க்குச் சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள். "மடைகிட்ட நிக்கிற மாதிரி போடச் சொல்லுங்க. நானும் பாத்துக்கறேன்."