குருவி வீட்டுக்குப் பக்கத்து ஸ்டூடியோ

இசைக்குழுக்கள் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்யும் புஷ்பவள்ளியின் ஜாமிங் ஸ்டூடியோ, செமிலிங் ஊரின் கடை வரிசையில் மேல்மாடியில் இருந்தது. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. பக்கத்துக் கடையின் மேல்மாடிச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, கை நுழையும் அளவுக்குத் துளைகள் மட்டும் விட்டிருந்தார்கள். அது குருவி வீடு. சூப்பு வைப்பதற்காகக் கூட்டை எடுத்து விற்பவர்கள், பதிவு செய்த குருவிச் சத்தத்தை விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஒலிபெருக்கியில் ஓட விடுவார்கள். அதைக் கேட்டு வரும் குருவிகள் உள்ளே போய்க் கூடு கட்டும்.

காளிதாசன் கடை வரிசை இடது பக்கம் இருக்க வேனை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். அவன் மனைவி ரமணி முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, என்னங்க இது, இப்படிக் கத்துது?"

"பழைய வேன் லா. யோகேந்திரன் எப்பத்தான் சர்வீஸுக்கு அனுப்பினான்?"

என்ஜின் அணைந்து அரை நிமிடம் ஆகியிருந்தது. ரமணி அவனை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கினாள்.

வேன் யோகேந்திரனுடையது. அவர்களுடைய மூன்று பேர் மெட்டல் இசைக் குழுவில் அவன் டிரம்ஸ். காளிதாசன் கிட்டார். கடைசி இரண்டு நிகழ்ச்சிகளிலும் முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள். இரண்டாவது நிகழ்ச்சி முடிந்ததும் யோகேந்திரன் நேராகவே சொல்லிவிட்டான்: "உன் கிட்டார் காதைக் கிழிக்குதுடா. அடுத்த மாசம் அலோர் ஸ்டார்ல ஷோ. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வேற ஆள் பார்த்துக்கிறோம். நட்பு வேற, காது வேற."

காளிதாசனுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. அவனுக்குத் தன் கிட்டார் மங்கலாகத்தான் கேட்டது. கூர்மை போதவில்லை என்று நினைத்து அவன் கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை ஒவ்வொரு பயிற்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பழி, கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் மேல் விழுந்தது. நல்ல டியூப் ஆம்ப் ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஸ்டூடியோவை மூடும் புஷ்பவள்ளி அப்படி ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டான். அதற்காகத்தான் பாடாங் செராயிலிருந்து புக்கிட் செலம்பாவ் வழியாக இந்தச் சனிக்கிழமைப் பயணம். ரமணி கூட வந்ததற்குக் காரணம், திரும்பும் வழியில் இருந்த அவளுடைய சித்தி வீடு.

புஷ்பவள்ளி படி உச்சியில் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கியவர், முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்.

"வாங்க தம்பி. தங்கச்சியும் கிட்டாரா?"

"நான் பாலர் பள்ளி டீச்சர்க்கா. இவரு வாசிக்கிறதைக் கேட்டுட்டுப் போனா, அங்க முப்பது பிள்ளைங்க கத்துறது தாலாட்டு மாதிரி இருக்கும்."

புஷ்பவள்ளி சிரித்தார். உள்ளே பாதி அறை காலியாகிவிட்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த கம்பளத்தைக்கூட உரித்துச் சுருட்டி வைத்திருந்தார்.

"ஏன்க்கா மூடுறீங்க?" என்றான் காளிதாசன்.

"கடையோட சொந்தக்காரன் இதையும் குருவி வீடா மாத்தப் போறானாம். குருவி லேட்டா வராது, கேபிளை அறுக்காது, கழிவறையில சிகரெட் பிடிக்காது. நானே அவனா இருந்தாலும் குருவிக்குத்தான் குடுப்பேன் லா."

மேசையின் மேல் ஆம்பின் ஹெட், ஸ்பீக்கர் இல்லாத மின்பகுதி மட்டும், இருந்தது. நூறு வாட். பின்பக்கக் கம்பி வலைக்குள் நான்கு பெரிய டியூப்களும் ஐந்து சின்ன டியூப்களும் தெரிந்தன. சுவரோரம் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள். ஒன்றின் முகப்புத் துணி கறுப்பு. இன்னொன்று வைக்கோல் நிறம்.

"ஹெட்டோட ஒரு பெட்டி உங்களுக்கு. மிச்சப் பெட்டிக்கு நாலு மணிக்குப் பினாங்கிலேர்ந்து ஆள் வர்றாரு. முதல்ல நீங்க தேர்ந்தெடுங்க. ரெண்டும் பதினாறு ஓம்தான், அதனால அந்தக் குழப்பம் இல்ல."

ஆனாலும் காளிதாசன் குனிந்து பெட்டிகளின் பின்னால் இருந்த தகட்டைப் படித்தான். ஹெட்டின் பின்னாலிருந்த திருகியையும் பதினாறில் வைத்தான். ஸ்பீக்கர் கேபிள் உட்கார்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். பெட்டி இணைக்காமல் இந்த வகை ஹெட்டை வாசித்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் வெந்து போகலாம்.

"பரவாயில்ல, விஷயம் தெரிஞ்ச ஆள்தான்" என்றார் புஷ்பவள்ளி.

டியூப்கள் செம்மஞ்சளாகச் சூடேற ஒரு நிமிடம் விட்டு, கறுப்புப் பெட்டியில் தொடங்கினான். முதல் அடியிலேயே அவன் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் கூர்மையாக வந்து விழுந்தது. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தான். கண்ணை மூடி இரண்டு நிமிடம் வாசித்தான். கண்ணைத் திறந்தபோது ரமணி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு காதுகளிலும் விரல்.

"கொஞ்சம் அதிகம்தான்" என்றார் புஷ்பவள்ளி. அவரும் தள்ளித்தான் நின்றார்.

வைக்கோல் பெட்டிக்கு மாற்றினான். பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்தியது போல இருந்தது. இது யாருக்கு வேண்டும்? கேபிள் தளர்ந்திருக்குமோ என்று, கம்பியை ஒலிக்கவிட்டபடியே பெட்டியின் பக்கம் குனிந்து, தலையைத் திருப்பினான். சட்டென்று கம்பளி விலகியது.

நிமிர்ந்தான். மறுபடி மங்கல். குனிந்து திருப்பினான். தெளிவு.

"அக்கா, இந்தப் பெட்டியில லூஸ் கனெக்ஷன் இருக்கு."

"இல்ல தம்பி. கிட்டார் ஸ்பீக்கர் கீச்சுச் சத்தத்தை எல்லாம் நேரா மட்டும்தான் எறியும். நீங்க தள்ளி நின்னா மங்கும், நேரா வந்தா கூசும். இடத்தை மாத்திப் பாருங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. தரையில் கிடந்த கறுப்பு டேப்பைக் கிழித்துப் பெருக்கல் குறி போல ஒட்டி, அதன் மேல் நின்றுகொண்டான். இப்போது இடம் மாறாது. வாசித்தான். முகத்தை மட்டும் வலது பக்கம் திருப்பினான். இடது காது பெட்டியைப் பார்த்தது. கம்பளி. முகத்தை இடது பக்கம் திருப்பினான். தெளிவு. மூன்று முறை செய்தான். கால் அங்குலம்கூட நகரவில்லை.

பிறகு கறுப்புப் பெட்டியில் அதையே செய்தான். இடது காதுக்கு அது அருமையாக இருந்தது. வலது காதை நேராகக் காட்டியதும் அவனே பல்லைக் கடித்துக்கொண்டான்.

"என்ன தம்பி, பூனைக்குட்டி மாதிரி தலையை ஆட்டுறீங்க?"

அவன் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஆம்பை ஒலி வராத ஸ்டாண்ட்பை நிலைக்கு மாற்றினான். அறை வெம்மையாக இருந்தது. ரமணி உள்ளே வந்து சன்னலைத் திறந்தாள், திறந்த வேகத்திலேயே பாதி சாத்தினாள்.

"அப்பா! உங்க சத்தமே தேவலாம். அந்தக் குருவியோட எப்படிக்கா இத்தனை வருஷம் இருந்தீங்க?"

"எந்தக் குருவி?" என்றான் காளிதாசன்.

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"விளையாடாதீங்க. வேனை நிறுத்தினதிலேர்ந்து கத்துதே."

அவன் சன்னலுக்கு இடது பக்கத்தைக் காட்டி நின்றிருந்தான். கீழே பட்டறையில் யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை முறுக்கினார்கள், அது கேட்டது. சாலையில் லாரி போனது, அதுவும் கேட்டது. அவன் மெல்லத் திரும்பி வலது பக்கத்தைச் சன்னலுக்குக் காட்டினான். கிச்சு கிச்சு கிச்சு என்று ஆயிரம் குருவிகள் ஒரே நேரத்தில் பேசின. வலது காதை உள்ளங்கையால் அழுத்தினான். லாரி இருந்தது, பட்டறை இருந்தது. குருவி ஒன்றுகூட இல்லை. கையை எடுத்தான். எல்லாம் திரும்பி வந்தன.

பயப்படுவதற்கு முன்னால் அவனுக்கு ஆர்வம்தான் வந்தது. இன்னும் நான்கைந்து முறை கையை வைத்து எடுத்தான், எந்த இடத்தில் சத்தம் அறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல. பிறகு வைக்கோல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் அவன் பதினோரு வருடமாக இயந்திரப் பராமரிப்பில் இருந்தான். ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு காதடைப்பான் தருவார்கள். அவன் வலது காதுக்கு மட்டும் வைத்துக்கொள்வான். கூட வேலை செய்பவன் இடது பக்கம் நின்று கூப்பிடுவான். அது கேட்க வேண்டுமே. மார்ச் மாதம் காது பரிசோதனை வேன் வந்தது. பிறகு வந்த கடிதத்தில் இடது காது, மறுபரிசோதனை என்று மலாயில் இருந்தது. அன்று சளி பிடித்திருந்தது, அதனால்தான் என்று அவனே முடிவு செய்துகொண்டான். கடிதம் இன்னும் அவனுடைய மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டோடு மடங்கிக் கிடந்தது.

அதை அவன் இருவரிடமும் சொன்னான். ரமணி சன்னலை முழுதாகச் சாத்திவிட்டு அவன் பக்கம் வந்தாள்.

"கடிதம் வந்ததை ஏங்க சொல்லல?"

"சளின்னு நினைச்சேன்."

"மார்ச்லேர்ந்தா சளி?"

புஷ்பவள்ளி போய் மூன்று கோப்பை மைலோ கலந்து கொண்டுவந்தார். "தம்பி, காது விஷயம் டாக்டருக்குத்தான் தெரியும். திங்கக்கிழமை போயிருங்க. இப்ப நீங்க ஆம்ப் வேணாம்னு சொன்னாலும் எனக்குக் கோபம் இல்ல. அந்தப் பினாங்குக்காரர் ரெண்டு பெட்டியையும் எடுத்துக்குவாரு."

காளிதாசன் கோப்பையைப் பிடித்தபடி ஹெட்டைப் பார்த்தான். டியூப்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அவன் அதுவரை செய்த ஒவ்வொரு மாற்றமும் இந்தக் கோணத்தில் புரிந்தது. பயிற்சியில் டிரம்ஸ் எப்போதும் அவனுக்கு வலது பக்கம், ஆம்ப் இடது பக்கம். கேட்காத காதை ஆம்புக்குக் காட்டிக்கொண்டு, கேட்கும்வரை குமிழைத் திருகியிருக்கிறான். பழைய ஆம்ப் ஒரு தப்பும் செய்யவில்லை.

"ரமணி, அந்த நாற்காலியைப் போட்டுப் பெட்டிக்கு நேரா உக்காரு. முன்வரிசை ஆள் மாதிரி."

"நானா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"தெரிய வேணாம். கூசினா கையைத் தூக்கு. கூசலேன்னா இறக்கு."

அவன் வைக்கோல் பெட்டியில் வாசித்தான். ரமணியின் கை பாதி எழுந்தது. ட்ரெபிளைக் குறைத்தான்.

"இன்னும் சாக்பீஸ் இழுக்குற மாதிரி இருக்கு."

மேலும் குறைத்தான். அவனுக்கு இப்போது கம்பளி இரண்டு மடிப்பு ஆகிவிட்டது. ரமணியின் கை மடியில் இறங்கியது. வாசிக்க வாசிக்க அவள் தலை சற்றுச் சாய்ந்தது.

"நடுவுல ஒண்ணு வந்துச்சே, கீழேயிருந்து மேல ஏறுற மாதிரி. அதைத் திருப்பி வாசிங்க."

வாசித்தான்.

"இது நீங்க வீட்டுல தினம் வாசிக்கிறதா?"

"ஆமா. மூணு வருஷமா."

"இப்பத்தான் என்னன்னு கேக்குது. இத்தனை நாளும் வெறும் சத்தம்னு நினைச்சேன்."

புஷ்பவள்ளி எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி பெருவிரலை உயர்த்திக் காட்டினார். காளிதாசன் அதே டேப்பை மெல்லிய துண்டுகளாகக் கிழித்து, குமிழ்கள் நின்ற இடத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினான். எல்லாம் ஒட்டி முடித்தபின் கறுப்புப் பெட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்தான்.

"வைக்கோல் பெட்டிக்கா."

"நிச்சயமா? உங்களுக்கு அது பிடிக்கலையே."

"எனக்குப் பிடிக்கல. அது சரியா இருக்கு."

பட்டறைக்காரர் இரண்டு பேர் சேர்ந்து பெட்டியையும் ஹெட்டையும் படியிறக்கி வேனில் ஏற்றினார்கள். காளிதாசன் யோகேந்திரனைக் கைப்பேசியில் கூப்பிட்டு வலது காதில் வைத்துக்கொண்டான். "ஆம்ப் கிடைச்சிருச்சு. செவ்வாய்க்கிழமை வா, உனக்கு ஒண்ணு காட்டணும். இல்லடா, ஆம்ப் இல்ல. என் காது." மறுமுனையில் யோகேந்திரன் சொன்னதைக் கேட்டுக் காளிதாசன் சிரித்தான்.

"என்ன சொல்றாரு?" என்றாள் ரமணி.

"மேடையில இடம் மாத்திக்கலாமாம். ட்ரெபிள் குமிழை இனிமே அவன் பார்த்துக்குவானாம்."

அவன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். ரமணி அவன் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நான் ஓட்டுறேன்."

"கிளட்ச் கெட்டி லா."

"பார்த்துக்கிறேன். கல்யாணம் ஆனதிலேர்ந்து காடியில ஏறினாலே உங்க இடது பக்கம் உக்காந்து பேசிட்டு வர்றேன். பாதிக்குப் பதிலே வராது. திமிருன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

காளிதாசன் வேனைச் சுற்றிப் போய் இடது பக்க இருக்கையில் ஏறினான். வலது காது அவள் பக்கம் இருந்தது. ரமணி இரண்டு முறை முடுக்கி, மூன்றாவது முறை வண்டியைக் கிளப்பினாள். குருவி வீட்டைத் தாண்டும்வரை இருவரும் சன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள். சத்தம் பின்னால் போய்த் தேய்ந்தபின், ரமணி சித்தி வீட்டில் என்ன பேசக்கூடாது என்று சொல்லத் தொடங்கினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தான்.