ஊதா முத்திரையில் பதினாலு

கண்ணின் நடுப்பார்வை இனித் திரும்பாது என்று மருத்துவர் சொன்னபோது, யூட் கேட்டது தான் சேர்க்கும் தபால் முத்திரைகளைப் பற்றித்தான். சின்ன எழுத்து வாசிக்க முடியாது என்றார் மருத்துவர். ஜெர்மனியின் எசன் நகரில் இருந்த வீட்டுக்கு வந்ததும், யூட் முத்திரை அல்பங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

அவர் சேர்த்தவை பிரித்தானிய முத்திரைகள் மட்டும். ஒரே ராணி, ஒரே முகம், நிறம்தான் மாறும். ஆனால் கள்ள முத்திரையைத் தடுக்க, அதன்மேல் தபால் நிறுவனத்தின் பெயரை மினுங்கும் மையில் திரும்பத் திரும்ப அச்சிட்டிருந்தார்கள். அந்த எழுத்துகளுக்கு நடுவே, அச்சடித்த ஆண்டின் இரண்டு இலக்கங்கள் ஒளிந்திருக்கும். விளக்கின் கீழ் சரித்துப் பிடித்தால்தான் தெரியும். அதைக் கண்டுபிடிப்பதில்தான் யூட்டுக்குச் சந்தோசம்.

இப்போது மனைவி சந்திரகாந்தி வாசித்துச் சொன்னாள். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியதும் மேசையில் உட்காருவாள்.

“இது என்ன ஆண்டு, பாரும்.”

“பன்னிரண்டு.”

ஒருநாள் அவளுக்கு நாரி நோவு, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. ஊதா முத்திரை ஒன்றை எப்படிச் சரித்தும் இலக்கம் பிடிபடவில்லை. சும்மா, “பதினாலு” என்றாள்.

யூட் நிமிர்ந்தார். “இந்த நிறத்திலை பதினாலை ஒருத்தரும் காணேல்லை. வடிவாப் பாத்தனீரோ?”

அவர் முகம் அப்படி மலர்ந்து எவ்வளவோ காலம்.

“ஓம்” என்றாள்.

சனிக்கிழமை, முத்திரைக் கழகத்துக் கோலர் என்ற கிழவர் அதைப் பார்க்க உருப்பெருக்கியோடு வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

“பதின்மூன்று, யூட். வழக்கமானதுதான்” என்றார் ஜெர்மனில்.

கோப்பியோடு வந்த சந்திரகாந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நான்தான் வாசித்தேன். என் கண் தவறாகப் பார்த்துவிட்டது” என்றார் யூட்.

கோலர் போனபின் அவள் சொன்னாள். “களைப்பிலை சொல்லிப்போட்டன். கோவமோ?”

“இல்லையப்பா. நீர் களைச்சுப்போய் இருக்கிறீர் எண்டதுகூட எனக்குத் தெரியேல்லை.”

அதன்பின் அவர் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. அவளே நல்ல உருப்பெருக்கி ஒன்று வாங்கி வந்து, ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்த்தாள்.

“இது பதினேழு. இப்ப வடிவாத் தெரியுது, கேளுங்கோவன்.”

“சரி, வையும்.”

மாசியில் லண்டனிலிருந்து புது முத்திரைகள் வந்தன.

“ராணி இல்லை, புது ராசாவின்ரை முகம். பக்கத்திலை கறுப்புப் புள்ளிகளாலை ஒரு சதுரம். அதை போனிலை ஸ்கான் பண்ணலாமாம்.”

யூட் விரலால் தடவிப் பார்த்தார். “இதுகளைக் கோலருக்குக் குடும். எல்லா அல்பத்தையும் சேர்த்து. வேலையாலை வந்து நீர் இனி இதோடை இருக்கவேண்டாம்.”

மனம் மாறுவார் என்று அவள் ஈஸ்டர்வரை காத்திருந்தாள். மாறவில்லை. கோலர் காரோடு வந்தபோது யூட் அறையைவிட்டு வரவில்லை. பெட்டிகளைச் சந்திரகாந்திதான் படியிறங்கித் தூக்கிக் கொடுத்தாள்.