பதினொன்றாவது குழி

நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலைக்கு அடியில் மேசை குழிந்து பார்த்திருக்கிறீர்களா? பூதலூரைத் தாண்டிக் கல்லணை போகிற சாலையில், நடிகர் புகழேந்தி நடத்துகிற ‘பண்ணை வாசல்’ உணவகத்தில் நாலு வருஷத்தில் பதினொரு தடவை அப்படிக் குழிந்திருக்கிறது. அங்கே முழுச் சாப்பாடு முந்நூற்று எண்பது ரூபாய், விரால் குழம்பு தனி, மண்சட்டியில் பழைய சோறும் சுண்டவத்தலும் நூற்றெழுபது. குழிக்குக் காசு கிடையாது. முதல் பத்துக் குழிகளும் சாப்பிட்டவர் கை கழுவ எழுந்ததும் மூடிக்கொண்டன. பதினொன்றாவதும் மூடிக்கொண்டது, ஆனால் அது அங்கேயே தங்கவில்லை.

முதலில் விழுந்தது மஸ்கட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு பல் மருத்துவருக்கு. தேக்கு மேசை. சாம்பார் ஊற்றியபோது இலை மெல்லத் தொய்ந்தது, ஒரு கை அள்ளும் அளவுக்குக் குழி. மருத்துவர் அதிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டு முடித்தார். செல்லரித்திருக்கும் என்று நினைத்துத் திருவாரூரிலிருந்து தச்சரை வரவழைத்தார்கள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு மரம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது குழிக்குப் பிறகு புகழேந்தி எல்லா மேசைக்கும் கருங்கல் பலகை போட்டார். நாலாவது குழி கருங்கல்லில் விழுந்தது, பிசைந்த மாவில் முழங்கை வைத்த மாதிரி. அப்புறம் அவர் பயப்படுவதை விட்டுவிட்டு, ‘மேசை குழியும் அதிசய உணவகம்’ என்று வாசலில் எழுதி வைத்தார். அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் விழாது, அவர்கள் பெரிய கோவிலையும் கல்லணையையும் பார்த்த திருப்தியோடு போய்விடுவார்கள். அங்கே மேற்பார்வை பார்க்கிற ஃபாஜில் நாகூர்க்காரர், பதினான்கு வருஷம் தோஹாவில் ஓட்டல் வேலை பார்த்தவர். குழி விழுந்தவர்களிடம் அவர் ஒன்றைக் கவனித்தார். ஊர் எது என்று கேட்டால் கோயம்புத்தூர், பெங்களூர் என்று என்னென்னவோ சொல்வார்கள். ஆனால் கை கழுவிவிட்டுப் போகும்போது, “பின்னாடி கெணறு இன்னும் இருக்கா?” என்று கேட்பார்கள். பின்னால் கிணறு இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாருக்கும் காரணம் தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் பேசிக்கொள்ளவில்லை. புகழேந்தி வாங்கிய வீடு முன்னாளில் கமலாம்பாள் பண்ணை. புகழேந்தி நாற்பது படம் நடித்தவர், அதில் ஒன்பதில் நல்ல மனசுக்காரப் பண்ணையாராக நடித்தார். அதில் ஆசை வந்துதான் நிஜமான பண்ணை வீடு ஒன்றை வாங்கினார். அந்த வீட்டின் கொல்லையில், மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் நடுவில், வயல்வேலை செய்தவர்கள் மத்தியானக் கஞ்சிக்கு வரிசையாக உட்காருவார்கள். ஆளுக்கொரு குழியைக் கையாலேயே தோண்டி, அதற்குள் வாழை இலையைப் பதித்துக்கொள்வார்கள். ஊற்றுகிறவர் குனியாமல், கை பட்டுவிடாமல், உயரத்திலிருந்து ஊற்றுவார். இலை கிழிந்தால் கஞ்சியை மண் குடித்துவிடும். அதனால் கவனமாக இருப்பவர்கள் இரண்டு இலை வைப்பார்கள். பிறகு தட்டு வந்தது. தட்டு வந்த பிறகும் இடம் கொல்லைதான். பண்ணை விற்றுப்போனதும் அதுவும் போனது.

செந்தாமரை அந்தக் கொல்லையில் சாப்பிட்ட வைரக்கண்ணுவின் மகள். ஆறு வயதில் தூக்குவாளியோடு அம்மா பின்னால் போனபோது, அப்பா குத்துக்காலிட்டு மண்ணிலிருந்து கஞ்சி அள்ளிக் குடிப்பதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பிறகு படித்தாள், சென்னையில் அரசு வேலைக்குப் போனாள், கண்காணிப்பாளர் ஆனாள், கணவரைப் பறிகொடுத்தாள், ஒரே மகள் எழில்மொழியை வளர்த்து ஆளாக்கினாள். சென்னைக்குப் போய் இதற்குள் முப்பது வருஷம் ஓடிப்போனது. பூர்வீகம் கேட்பவர்களிடம் “பூதலூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம்” என்பாள். அது பொய்யில்லை. வைரக்கண்ணு தன் நாற்பதாவது வயதில் இரண்டு ஏக்கர்கூட வராத அஞ்சு மா நிலம் சொந்தமாக வாங்கி இன்னும் நடுகிறார். ஆனால் கேட்டவர்கள் ஐம்பது ஏக்கர் என்று நினைத்துக்கொண்டார்கள். செந்தாமரை திருத்தவில்லை. மகளிடமும் அதற்கு மேல் சொன்னதில்லை.

எழில்மொழி தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுடைய அப்பா அண்ணாதுரை, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மனைவியோடு பெண்ணின் ஊரைப் பார்க்க வந்தார். தஞ்சாவூர் லாட்ஜில் தங்கல், மறுநாள் காலைச் சாப்பாடு வைரக்கண்ணு வீட்டில், அங்கேயே நாள் குறித்துவிடலாம் என்று பேச்சு. அண்ணாதுரைக்குப் புகழேந்தி என்றால் உயிர். “தஞ்சாவூர் போயிட்டு அவர் கடையில சாப்பிடாம திரும்புனா என் பையனே என்னை வீட்டுக்குள்ள விடமாட்டான்” என்றார். செந்தாமரை ஊருக்குள்ளேயே நல்ல ஓட்டல் இருக்கிறது, வெயில், சாலை சரியில்லை என்று மூன்று காரணம் சொல்லிப் பார்த்தாள். எழில்மொழி ஏற்கெனவே ஐந்து பேருக்குப் போனில் பதிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கார் போய் நின்றது. வாசலில் அலங்கரித்த கூண்டு வண்டி, தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர்கள், தண்ணீர் தெளித்த செம்மண். எழில்மொழி அண்ணாதுரையையும் அவர் மனைவியையும் வண்டியில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வைரக்கண்ணு இறங்கினார். எழுபத்தெட்டு வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வீட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மதிலை ஒட்டிச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கமாக நடந்தார். கோபமோ வருத்தமோ இல்லை, வயலுக்குப் போகிறவர் நடை. அதை இரண்டு பேர் பார்த்தார்கள், செந்தாமரையும் ஃபாஜிலும்.

“அஞ்சு பேர்னு புக் பண்ணியிருக்கீங்கம்மா” என்றார் ஃபாஜில், வைரக்கண்ணு போன திசையைப் பார்த்துக்கொண்டே.

“நாலு பேர்தான்” என்றாள் செந்தாமரை.

ஃபாஜில் ஒரு வினாடி அவளைப் பார்த்தார். பிறகு ஆறாம் மேசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுக்கச் சொன்னார்.

தாத்தா எங்கே என்று எழில்மொழி கேட்டதற்கு, வயிறு சரியில்லையாம், காரிலேயே இருக்கிறேன் என்றுவிட்டார் என்று செந்தாமரை சொன்னாள். இலை விழுந்தது. உப்பு, மாங்காய், வாழைப்பூ வடை, கத்தரிக்காய்க் கொத்சு எல்லாம் வந்தபோது மேசை சமமாகத்தான் இருந்தது. சோறு வைத்துச் சாம்பார் ஊற்றியபோது செந்தாமரையின் இலை நடுவில் தொய்ந்தது. சோறு தானாகச் சரிந்து நடுவுக்குப் போனது. வடை உருண்டு அதன் பின்னாலேயே போனது. அவள் இடது கையால் இலையின் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். கருங்கல் நாலு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

“என்னங்க இது, மேசை ஒடைஞ்சிருக்கா?” என்றார் அண்ணாதுரை.

“இல்ல சார், சில பேருக்கு விழும்.” ஃபாஜில் அவசரப்படாமல் இன்னோர் இலையைக் கொண்டுவந்து அதன்மேல் பதித்தார். “ரெண்டு எலை இருந்தா கிழியாதும்மா, சாப்பிடுங்க.”

“எந்தச் சில பேருக்கு?”

“அது தெரியாது சார்” என்று சொல்லி ஃபாஜில் அப்பளம் எடுக்கப் போய்விட்டார். அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புகழேந்தி தானே வருவார். படத்தில் கட்டுகிற அதே அகலக்கரை வேட்டி, அதே மீசை. குழி விழுந்த சேதி சமையற்கட்டு வரைக்கும் போய் அவரை இழுத்து வந்தது. “பதினொண்ணு! கை தட்டுங்கப்பா!” என்றார். கூடம் முழுக்கத் தட்டியது, பத்திருபது பேர் போனை நீட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை. அந்த இடத்துக்கு அடியில் காவிரி ஓடுகிறது, அதன் அருள் என்று யாரோ சொன்னதை மனசார நம்பினார். “அம்மா எந்த ஊரு?”

“சென்னை.”

“பூர்வீகம்?”

“சென்னைதாங்க” என்றாள். குழி இன்னும் இரண்டு விரல் இறங்கியது. அண்ணாதுரையின் மனைவி, பூதலூர் என்றுதானே சொன்னீர்கள் என்பதுபோல நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தன் இலையைப் பார்த்துக்கொண்டாள்.

ஆறாம் மேசைக்கு எதிரே கொல்லையைப் பார்த்த ஜன்னல். பழைய மாட்டுக் கொட்டகையில் படம் எடுத்துக்கொள்ள வசதியாக வைக்கோல் கட்டி வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் வைரக்கண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாத்திரம் தேய்க்கிற இர்ஃபானா என்ற அம்மாள் ஒரு நாற்காலியைக் காட்டி என்னவோ சொல்வதும், அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையசைப்பதும் தெரிந்தன.

“அம்மா, தாத்தா அங்க கீழ உக்காந்து சாப்பிடறாரு.”

செந்தாமரை குழிக்குள் சோற்றைப் பிசைந்தாள்.

“கார்ல இருக்காருன்னு சொன்னியேம்மா.”

 எழில்மொழி தன் இலையை நாலு பக்கமும் சேர்த்து மடித்து, சோற்றோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்து கொல்லைக்குப் போனாள். சாம்பார் தரையெல்லாம் சொட்டியது. அண்ணாதுரை, “நீங்களும் போங்கம்மா, அய்யாவை இங்க கூட்டிட்டு வாங்க” என்றார், அதட்டாமல். செந்தாமரையால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் கூடமே பார்க்கும். உட்கார்ந்திருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் எழவில்லை. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு அள்ளி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். மகளும் அப்பாவும் வைக்கோல் பக்கத்தில் எதற்கோ சிரிப்பது ஜன்னலில் தெரிந்தது. அவள் இலையை மூடியதும் கருங்கல் மேலே வந்து சமமானது. ஃபாஜில் துடைத்தார். துடைத்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

திரும்பும்போது காரில் வைரக்கண்ணு முன்சீட்டில் இருந்தார். “விராலு நல்ல விராலு. உப்புதான் ஒரு கல்லு கூட” என்றார்.

“ஏம்ப்பா பின்னாடி போனீங்க?” என்றாள் செந்தாமரை.

“பின்ன எப்படிப் போறது? அந்த வீட்டுக்கு முன்னாடி வழி எங்க இருக்குன்னு எனக்கு என்னம்மா தெரியும்? முப்பது வருசமா பின்னாடிதானே போயிருக்கேன். கால் அதுபாட்டுக்குப் போயிருச்சு.” கொஞ்சதூரம் போனபிறகு பின்பக்கம் திரும்பி அண்ணாதுரையிடம், “மாடு மேய்க்கப் போனப்ப எனக்கு எட்டு வயசுங்க. கஞ்சி குழியில ஊத்துவாங்க. மழ பேஞ்சா கஞ்சியும் தண்ணியும் ஒண்ணாயிடும், வயிறு முட்டக் குடிச்சிட்டு வருவோம்” என்று சொல்லிச் சிரித்தார். அண்ணாதுரை சிரிக்கவில்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா அதை யாரிடமும் ஒளித்ததே இல்லை என்பதும், யாரும் இதுவரை அவரைக் கேட்டதில்லை என்பதும், ஒளித்தது தான் ஒருத்திதான் என்பதும் செந்தாமரைக்கு அந்த ஆறு மைலில் விளங்கின. “நான் நாலு பேருன்னு சொல்லிட்டேன்ப்பா” என்றாள். கார் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, “வரப்பு ஓரமா மெதுவாப் போகச் சொல்லு, வண்டி எறங்கிடும்” என்றார். எழில்மொழிக்குக் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லாட்ஜ் வாசலில் இறங்கும்போது அண்ணாதுரையின் மனைவி “காலையில பார்க்கலாம்” என்றாள். அது வருகிறோம் என்றும் இருக்கலாம், வரவில்லை என்றும் இருக்கலாம்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். எத்தனை இலை என்று எழில்மொழி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். அஞ்சு, தாத்தாவுக்கு முதல்ல போடு என்றாள் செந்தாமரை. சிமெண்டுத் தரையில் ஐந்து இலை போட்டு இட்லி வைத்தார்கள். நாலு இலை சமமாகக் கிடந்தன. செந்தாமரையின் இலைக்கு அடியில் ஒரு சாண் குழி விழுந்தது. வைரக்கண்ணு எழுந்து போய் இன்னோர் இலையை அறுத்துக்கொண்டு வந்து அதன்மேல் பதித்தார். எழில்மொழி குனிந்து சாம்பார் ஊற்றினாள்.