தோளில் ஏறும் படகு

"தலைப்பக்கம் புடிங்கப்பா!" என்று திருப்பதி குரல் கொடுத்து, அண்ணன் ஆத்மநாதனின் உடலைப் பெஞ்சிலிருந்து தூக்கிய நேரத்தில், செத்தவரின் மகள் பிரகதாம்பாள் பாய்ந்து போய்ப் பாடைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இலுப்பூரே மூச்சை நிறுத்தியது.

"எந்திரிடி! உசுரோட இருக்கறவ பாடையில உக்காந்தா குடும்பம் வெளங்குமா?"

"இது பாடையில்ல சித்தப்பா, படகு!"

அவள் போட்ட சத்தத்தில் விராலிமலை மயில்கள் அத்தனையும் தஞ்சாவூருக்கே பறந்திருக்கும்.

படகுதான். கல்லில் சாமி செதுக்கிய ஆத்மநாதன், கொஞ்ச வருடங்களாக மதராஸ் நவீன நடனக் குழு ஒன்றுக்கு மேடையும் உடுப்பும் செய்துவந்தார். மீனவர் கதையை ஆடப்போகிறோம் என்றார்கள். ஜெகதாப்பட்டினம் போய்ப் பழைய வலைகளை வாங்கிவந்து, சாயம் தோய்த்து உடுப்பாக்கினார். நாலு பேர் தோளில் தூக்கி ஆட மூங்கிலில் படகு கட்டினார். நேற்றுக் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் லாரி வரும், நாளைக்கு ஆட்டம். பிணம் ஏறிய படகை எந்த ஆட்டக்காரி தோளில் வைப்பாள்?

திருப்பதியோ கொல்லையில் அதைப் பார்த்ததுமே, "தனக்குத் தானே பாடை கட்டி வச்சிட்டுப் போன மகான்!" என்று ஊருக்கே கேட்கும்படி அழுதுவிட்டார்.

"அப்பா பட்டறைப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பாத்திருப்பீங்களா? 'எங்கண்ணன் கூத்தாடிகளுக்குப் பாவாடை தைக்கிறான்'னு சந்தையில நின்னு சிரிச்சீங்க. இன்னைக்கு மட்டும் அவரு கட்டுனது வேணுமாக்கும்?"

"எழவு வீட்டுல என்னடி பேச்சு?"

"எழவு வீட்டுலதான பேச முடியுது? மத்த நாள்ல நீங்க வந்தாத்தான!"

கால்பக்கம் பிடித்திருந்த அக்கா மகன் பிச்சைக்குப் பிடி வழுக்கியது. "மாமா, பெஞ்சுலயே வச்சிருவோம். தாங்காது."

வைத்தார்கள். பச்சை மூங்கில் வெட்டி வேறு பாடை கட்டினார்கள். பிரகதாம்பாள் அசையவில்லை. கடைசியில் பெஞ்சைப் படகோரமாக இழுத்துவர வேண்டியதாயிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டாள். கொட்டுச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் எழுந்தாள்.

சாயங்காலம் லாரி வந்தது. பின்முனைகளை டிரைவரும் கிளீனரும் பிடிக்க, முன்முனை ஒன்றை அவள் பிடித்தாள். நாலாவது ஆள் இல்லை.

சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு வந்த திருப்பதி, ஈர வேட்டியோடு அவள் பக்கத்தில் வந்து நாலாவது முனைக்குக் குனிந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடிச்சுல கை வைக்காதீங்க" என்றாள்.

காலையில் சுமந்த கனத்துக்குத் தோளை இறுக்கிக்கொண்டு தூக்கினார். படகு காற்றாக மேலே எழும்பியது. திருப்பதி தடுமாறிப்போனார்.