கம்பனி வீட்டு விசேஷம்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், ஊற்றுநீர் விழும் பீலியில் குடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டிருந்தன. பிரதேச சபை உறுப்பினரான பின்னரும், இருதயம்மா தன் முறை வரும்வரை வரிசையில்தான் நின்றாள். எல்ல ஊருக்குப் போகும் வீதியில் ஹோட்டல் கட்டவிருக்கும் கம்பனியின் ஆள் ஜெசிந்தன் சிரித்தபடி வந்தான்.

"அக்கா, திங்கக்கெழம கை தூக்கிருவீங்கதானே?"

"எதுக்கு தம்பி?"

"இந்த ஊத்துத் தண்ணிய ஹோட்டலுக்கு எழுதிக் குடுக்குற தீர்மானத்துக்கு. லயத்துக்கு பவுசர்ல தண்ணி வரும்."

"பவுசர் வராத அன்னைக்கு ஒங்க நீச்சல் கொளத்துல வந்து அள்ளிக்கிறதா?"

வரிசை சிரித்தது. ஜெசிந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"பாப்பா புதுநன்மைக்கு மொதலாளி போட்ட சங்கிலிய மறந்துறாதீங்க."

மகள் நிலக்ஷனா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று வந்த அந்தப் பவுன் சங்கிலியை, உறவினர் விசேஷங்களுக்குச் செய்யும் அன்பளிப்புச் செய்முறைகளைப் போன்ற ஒன்றாகவே இருதயம்மா எண்ணியிருந்தாள். அது தன் வாக்குக்கு வைத்த விலை என்பது இப்போதுதான் உறைத்தது. இரகசியமாகத் திருப்பிக் கொடுத்தால், அது இரகசியமாகவே வேறோர் உறுப்பினர் வீட்டுக்குப் போகும். மேலும், செய்முறையைத் திருப்பி அனுப்பும் வழக்கம் லயத்தில் இல்லை. செய்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதே முறை. கம்பனிக்கும் ஒரு விசேஷம் இருந்தது. தீர்மானம் நிறைவேறுமுன்னரே, ஞாயிற்றுக்கிழமை அடிக்கல் நாட்டுவதாக ஊரெங்கும் அழைப்பு விடுத்திருந்தது.

சங்கிலியைக் கேட்டபோது நிலக்ஷனா தயங்கவில்லை.

"ஊத்து போயிட்டா, குளிக்காத கழுத்துல சங்கிலி எதுக்கும்மா?"

ஞாயிறு பூசை முடிந்ததும் லயத்துப் பெண்கள் சீர்த்தட்டுகளை ஏந்தி, தப்பு மேளம் முழங்க அடிக்கல் விழாப் பந்தலுக்குப் புறப்பட்டார்கள். அன்பளிப்புகளை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தவன் முதல் தட்டைப் பார்த்ததும் உற்சாகமாக முழங்கினான்: "சபை உறுப்பினர் இருதயம்மா அவர்கள், பவுன் சங்கிலி!"

முதலாளியின் முகம் வெளுத்தது. இருதயம்மா ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"எங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க செஞ்சீங்க. ஒங்க விசேஷத்துக்கு அதையே நாங்க திருப்பிச் செஞ்சிட்டோம். ஊத்த மட்டும் கேக்காதீங்க."

அன்று மாலை சபையின் இன்னோர் உறுப்பினரான ஸித்தி ஸுபைதா தொலைபேசியில் அழைத்தாள்.

"தங்கச்சி, கம்பனி எனக்குத் தந்தது பிரிஜ். தட்டுல வெக்க ஏலா. லொறி ஒண்டு புடிச்சுத் தாங்களேன்."

"புடிச்சிருவோம் ராத்தா. தப்பும் வேணுமா?"

திங்கட்கிழமை காலை அந்த லொறி கடைவீதி வழியே கம்பனி அலுவலகத்துக்குச் சென்றதை ஊரே பார்த்தது. அதன் பின்னர் கூடிய சபையில், தீர்மானத்துக்கு ஆதரவாக ஒரு கையும் உயரவில்லை. வெளியே திரண்டிருந்த பெண்களின் குலவை மண்டபத்துக்குள்ளும் கேட்டது.

வாசலில் ஜெசிந்தன் மறித்தான். "செஞ்சவருக்கு ஒரு நன்றி வேணாமாக்கா?"

"நன்றி தட்டோட வந்திருச்சு தம்பி. ஆனா, இந்தக் கைய சபைக்கு அனுப்புனது லயத்து சனம். சட்டம் போட வந்தவுங்க அன்பளிப்புன்னு ஒரு தடவ வாங்கிட்டா, அந்தக் கை அப்பறம் குடுத்தவனுக்குத்தான் ஒசரும், சனத்துக்கு ஒசராது."